கிட்டத்தட்ட ஒரு மீட்டர்

அவரிடம் "சாப்பிட்டாச்சாண்ணே?" என்று கேட்க எனக்குப் பயமாக இருக்கும். நம் ஊரில் அது ஒரு கேள்வியே இல்லை. "ஆச்சு" என்று சொல்லிவிட்டு நகர வேண்டியதுதான். அவர் நின்று, யோசித்து, "ரெண்டு குப்பூஸு ரொட்டி, முக்காத் தட்டு பருப்பு, ஒரு பச்ச மொளகா. வெங்காயம் தீந்துபோச்சு" என்பார். கேட்ட பாவத்துக்கு நானும் நின்று கேட்டுக்கொள்வேன்.

சிவகங்கைப் பக்கத்துக்காரர். ஷார்ஜாவில் நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில் மைதானத்தைப் பார்த்துக்கொண்டார். பல்கலைக்கழகத்தின் நேரடி ஆள் இல்லை, ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி அனுப்பியவர். புல்லுக்குத் தண்ணீர் விடுவது, வலை கட்டுவது, வெள்ளைக் கோடு போடுவது எல்லாம் அவர்தான். நான் விளையாட்டுப் பிரிவில் கிளார்க், ஸ்டோர் கீப்பர், டைப்பிஸ்ட். யாருக்காவது பாஷை புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரும் நானே. மற்றவர்கள் முன்னால் என்னை "சார்" என்பார். தனியாக இருந்தால் "தம்பி".

அவருக்குப் பிடிக்காத ஒரே சொல் "கிட்டத்தட்ட". பஸ் கிட்டத்தட்ட ஐந்து மணிக்கு வரும் என்று சொல்லிவிட்டால் போச்சு. "அஞ்சுக்கு முன்னயா, பின்னயா?" என்பார். எனக்கோ அந்தச் சொல் இல்லாமல் வாய் திறக்க வராது. பி.காமையே கிட்டத்தட்ட முடித்தவன் நான்.

ஒரு வெள்ளிக்கிழமை, கம்பெனி ஆட்கள் தங்கும் அவருடைய கேம்புக்குப் போயிருந்தேன். ஓர் அறையில் எட்டுப் பேர். இரண்டு பேருக்குள் கட்டிலடி இடத்துக்காகச் சண்டை வந்து ஒரு வாரமாகப் பேச்சு வார்த்தை இல்லை. இவர் நூலைப் பிடித்து அளந்து, தரையில் சாக்பீஸால் கோடு கிழித்து, டேப்பை அவர்கள் கையிலேயே கொடுத்து அளந்து பார்க்கச் சொன்னார். "அளவுக்கு அண்ணன் தம்பி கெடையாதுப்பா. நீயே பிடிச்சுப் பாரு." பார்த்தார்கள். சண்டை தீர்ந்தது. உடனே மூன்றாவது ஆள் தன் கட்டிலடியையும் அளக்கவேண்டும் என்று ஆரம்பித்துவிட்டான்.

அன்றைக்குத்தான் தன் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினார். அதில் அவருக்கு வயது ஐம்பத்தாறு.

"எங்கம்மா கணக்குக்கு எனக்கு அம்பத்திரெண்டுதான் தம்பி. மொதத் தடவ வரயில ஏஜென்டு வயசு கேட்டான். பொறந்த தேதி எங்க வீட்ல எழுதி வைக்கல. கிட்டத்தட்ட இவ்வளவு இருக்கும்னு அவனே எழுதிக்கிட்டான். நாலு வருசத்தத் தூக்கி என் தலைல வச்சிட்டுப் போயிட்டான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஐம்பத்தைந்து தாண்டியவர்களை விசா முடிந்ததும் ஊருக்கு அனுப்பிவிடுவது என்று அவருடைய கம்பெனி அந்த வருடம் முடிவெடுத்திருந்தது. வேலை பார்க்கும் இடத்திலிருந்து 'இந்த ஆள் எங்களுக்கு வேண்டும்' என்று கடிதம் வந்தால் மட்டும் இன்னும் இரண்டு வருடம் தள்ளிப் போடுவார்கள். அவருக்கு விசா முடிய நாலைந்து மாதம்தான் இருந்தது. கடைசிப் பெண் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் படிப்பு முடிய அந்த இரண்டு வருடம்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

கடிதம் கொடுக்க வேண்டியவர் எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்த பொறுப்பாளர். அமெரிக்கர். கதவு நிறைய இருப்பார். வந்த முதல் வாரமே என்னைக் கூப்பிட்டு, "ஃபுட்பால் டீம் ஆரம்பிக்கப் போகிறேன்" என்றார். "ஏற்கெனவே இருக்கிறதே சார்" என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, மேஜை மேலிருந்த முட்டை வடிவப் பந்தை எடுத்துக் காட்டினார். பையன்கள் நாற்பது பேர் பெயர் கொடுத்தார்கள். கனடா பாஸ்போர்ட் வைத்திருந்த லெபனான்காரர்கள், எகிப்தியர்கள், பாலஸ்தீனியர்கள், நம்மவர்கள் நாலு பேர். டிவியில் பார்த்ததைத் தவிர யாருக்கும் ஒன்றும் தெரியாது. தலைக்கவசங்கள் கஸ்டம்ஸில் மூன்று வாரம் கிடந்தன. என்ன சாமான் என்று கேட்ட அதிகாரிக்கு விளையாட்டுச் சாமான் என்றேன். ஒன்றைத் தலையில் மாட்டிப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டுக்கொண்டா விளையாடுவார்கள்?" என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

அந்த அமெரிக்கரேதான் கோச். மைதானத்தின் படத்தை ஒரு தாளில் வரைந்து கொடுத்தார். நீளம் நூறு யார்டு, இரண்டு பக்கமும் பத்துப் பத்து, ஐந்துக்கு ஒரு குறுக்குக்கோடு. அதை நம் சிவகங்கை ஆளிடம் கொடுத்து வாசித்துக் காட்டினேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

"நூறு யார்டா? நம்மகிட்ட இருக்கறது ஒரே ஒரு யார்டுதான சார், பைப்பும் மூட்டையும் அடுக்கி வச்சிருக்கமே பின்னாடி?"

கட்டட சைட்டில் இருபது வருடம் வேலை பார்த்தவருக்கு யார்டு என்றால் சாமான் போட்டு வைக்கும் காலி இடம். நான் சிரித்து முடிக்க இரண்டு நிமிடம் ஆனது. "அந்த யார்டு இல்லண்ணே. இது அளவு. கெஜம்."

"பொடவைக்குச் சொல்ற கெஜமா? அதுக்கு எத்தன சென்டி?"

அவருடைய டேப்பில் மீட்டரும் சென்டிமீட்டரும் மட்டும்தான். எனக்கும் கெஜத்தின் கணக்கு தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அடுத்த அறையில் கோச் இருந்தார், எழுந்துபோய்க் கேட்டிருக்கலாம். தலைக்கவசத்துக்கு கேட் பாஸ் அடித்துக்கொண்டிருந்தேன், கை வேலையாக இருந்தது.

"கிட்டத்தட்ட ஒரு மீட்டர்ணே."

"கிட்டத்தட்டன்னா? முன்னயா, பின்னயா?"

"அட, ஒரு மீட்டர்ணே! ஒரு மீட்டர்! போட்டுருங்க!"

போட்டுவிட்டார். முளை அடித்து, கயிறு கட்டி, முட்டி போட்டுக் கண்ணை ஒட்டவைத்துப் பார்த்து, இரண்டு நாளில் நூற்றிருபது மீட்டருக்கு நூல் பிடித்த மாதிரி கோடுகள். ஒரு பக்கக் கடைசிப் பகுதி புல்லைத் தாண்டி மணலுக்குள் போய்விட்டது. கோச் வந்து பார்த்துவிட்டு, "இடம் பத்தவில்லை போலிருக்கிறது" என்றார். "ஆமாம் சார், இடம் கொஞ்சம் சின்னது" என்றேன். கோடு இவ்வளவு நேராக இருக்கும்போது நீளத்தைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை.

முதல் நாள் பயிற்சியைப் பார்த்துவிட்டு நம் ஆள் என்னிடம் சொன்னது: "மூணு செகண்டு ஓடுறாய்ங்க, மேல விழுந்து கெடக்குறாய்ங்க, எந்திரிச்சு மீட்டிங் போடுறாய்ங்க. இது என்னா வெளையாட்டு?" ஆனால் இரண்டாவது வாரம் அவரே அதில் மயங்கிவிட்டார். அந்த விளையாட்டில் பந்து பத்து கெஜம் முன்னேறியதா இல்லையா என்று சந்தேகம் வந்தால், ஆட்டத்தை நிறுத்திவிட்டு, இரண்டு கம்பில் கட்டிய சங்கிலியைக் கொண்டுவந்து அளந்து பார்ப்பார்கள். அவர் கண்கள் விரிந்துவிட்டன. "நிறுத்திட்டு அளக்குறாய்ங்க தம்பி! எவனும் வாயால சொல்லல பாத்தீங்களா? இதான் வெளையாட்டு!" சங்கிலியை அவர்தான் செய்து கொடுத்திருந்தார். சரியாகப் பத்து மீட்டர்.

கோச்சுக்குத்தான் சங்கடம். பையன்களிடம், "உங்கள் வயதில் நான் நாற்பது யார்டு எறிவேன், இன்றும் எறிவேன்" என்று சொல்லியிருந்தார். எறிந்து காட்டினார். பந்து நாற்பதாவது கோட்டுக்கு முன்னாலேயே விழுந்தது. மறுபடி எறிந்தார். தோளைத் தடவிக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து எறிவதை விட்டுவிட்டு விசிலோடு நின்றுகொண்டார். "வயதாகிவிட்டது" என்று என்னிடம் ஒரு நாள் சொன்னபோது பாவமாக இருந்தது.

பிறகு பையன்களை வடிகட்ட ஓட்டம் வைத்தார். நாற்பது கெஜத்தை ஆறு விநாடிக்குள் ஓடவேண்டும். நாற்பது பேரில் பதினோரு பேர் தேறவில்லை. அவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். அதில் ஒருவன் நாகர்கோவில்காரர் ஒருவரின் மகன், அபுதாபியில் பிறந்தவன், நல்ல கனம். எடுத்துவிட்ட பிறகும் சாயங்காலம் வந்து ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பான். நம் ஆள் ஒரு நாள் அவனிடம், "என்னப்பா, நீ வெளையாடலியா?" என்று கேட்டார்.

"நான் ஸ்லோ அங்கிள். எப்பவுமே ஸ்லோ" என்றான் அவன், அது தன் பெயர் என்பது போல.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ரோலா பகுதியில் இருந்த என் அறைக் கதவைத் தட்டினார். கையில் சிவப்புத் துணிப் பொட்டலம். மைதானத்து ஓரக் கொடிகளுக்காக வாங்கச் சொல்லியிருந்தோம். வியர்த்துப் போயிருந்தார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் கீழே வைத்தார்.

"தம்பி, கெஜம் மீட்டர் இல்ல."

கீழக்கரைக்காரர் ஒருவரின் துணிக்கடைக்குப் போயிருக்கிறார். அங்கே இரண்டு இரும்புக் கோல், ஒன்று சற்றுக் குட்டை. ஏன் என்று கேட்டிருக்கிறார். அரபிக்காரர்கள் வார் கணக்கில் துணி கேட்பார்கள், அதற்குக் குட்டைக் கோல் என்றிருக்கிறார் கடைக்காரர். வார் என்றால்? நம்ம கெஜம்தான் மாமா. இவர் இரண்டு கோலையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்.

"நாலு வெரக்கடை கம்மி தம்பி. ஒரு கெஜத்துக்கு நாலு வெரக்கடை. நூறுக்கு எட்டரை மீட்டர் அதிகமாப் போட்டு வச்சிருக்கேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் அடுத்து 'நீங்கதான சொன்னீங்க' என்பார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை.

"சரிண்ணே, விடுங்க" என்றேன். "நாளைக்குக் காலைல யாரும் வர்றதுக்கு முன்னாடி எல்லாக் கோட்டையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுருங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"கோட்ட மாத்திரலாம். அந்தப் பதினோரு பேர என்ன செய்ய? கூடுதலா ஓட விட்டுட்டு, ஓடத் தெரியலன்னு அனுப்பிருக்கமே."

"அண்ணே, கோச் கடுதாசி குடுத்தாத்தான் உங்களுக்கு விசா. இந்த நேரத்துல போயி..."

"அந்தப் பய தன்னை ஸ்லோன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கான் தம்பி." துணிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நாளைக்கு நீங்க கூட வாங்க. எனக்கு இங்கிலீசு வராது."

போனேன். கோச்சின் அறையில் அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் சொல்ல, நான் இங்கிலீஷில் சொன்னேன். "அளவச் சரியாக் கேக்காமப் போட்டுட்டேன். தப்பு என்னோடது. பசங்க மேல தப்பில்ல. அவய்ங்கள மறுபடி ஓடவிடச் சொல்லுங்க சார்." வழக்கமாக மொழிபெயர்க்கும்போது நான் நாலு வார்த்தை சேர்ப்பேன், இரண்டை விடுவேன். அன்று சொல்லுக்குச் சொல் சரியாகச் சொன்னேன். சேர்க்க வேண்டியது ஒன்று இருந்தது. அதை நான் சேர்க்கவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், பிறகு தொப்பியைப் பார்த்துக்கொண்டார்.

கோச் எழுந்தார். பிறகு பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடினார், நிஜமாகவே ஓடினார். அடி அளவு போட்ட டேப் ஒன்றை மெயின்டனன்ஸிலிருந்து வரவழைத்து நாற்பது கெஜம் அளக்கச் சொன்னார். எறிந்தார். பந்து கோட்டைத் தாண்டி விழுந்தது. அந்த மனிதர் கத்திய கத்தல் கேன்டீன் வரை கேட்டிருக்கும். நம் ஆளை இரண்டு கையாலும் தூக்கிவிட்டார். அன்றே கடிதத்தை என்னை டைப் செய்யச் சொன்னார். நல்ல கடிதம். 'இவ்வளவு நேர்மையான ஊழியரை நான் பார்த்ததில்லை' என்று ஒரு வரி. அடிக்கும்போது எனக்குக் காது சுட்டது.

பதினோரு பேரையும் மறுபடி ஓடவிட்டார்கள். ஏழு பேர் தேறினார்கள். நாகர்கோவில் பையன் தேறவில்லை. சரியான நாற்பது கெஜத்திலும் ஆறைத் தாண்டிவிட்டான். நம் ஆள் அவனிடம் போய், "இப்ப சரியா அளந்தது தம்பி, ரெண்டு தடவ அளந்தேன்" என்றார்.

"பரவால்ல அங்கிள்" என்று அவன் சிரித்தான். "இப்போ நான் நிஜமாவே ஸ்லோ."

இதோடு முடிந்திருந்தால் நான் இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். கோச்சும் அப்படித்தான் நினைத்தார். தன் தோள் பிழைத்த கதையை மத்தியானச் சாப்பாட்டு மேஜையில் எல்லோருக்கும் சொன்னார். கடிதம் யார் வழியாகக் கம்பெனிக்குப் போகவேண்டுமோ அந்த மெயின்டனன்ஸ் மேனேஜரும் அங்கே இருந்தார். அவர் சிரிக்கவில்லை. மீட்டருக்கும் யார்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளிடமா மைதானத்தை விட்டிருக்கிறோம் என்று கடிதத்தின் ஓரத்திலேயே எழுதிக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். கம்பெனி அதற்குத்தான் காத்திருந்தது. வயது ஐம்பத்தாறு, வேலையில் குறை, கலாஸ், முடிந்தது.

கோச் இரண்டு முறை போய்ச் சண்டை போட்டார். இரண்டாவது முறை போய்விட்டு வந்து என் மேஜை முன்னால் நின்றார். "ஒரு யார்டு ஒரு மீட்டர் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவராகப் போட்டிருக்க மாட்டார். அது யார் என்று தெரிந்தால், அவர் மேல் தப்பில்லை என்று காட்டிவிடலாம். உனக்குத் தெரியுமா?"

என் மனைவிக்கு அப்போதுதான் விசா வந்திருந்தது. வாடகை ஒப்பந்தம் போட்டு, கட்டில் வாங்கியாகிவிட்டது.

"தெரியவில்லை சார்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் எதையோ டைப் செய்தேன்.

முதல் மேட்ச் அவருடைய கடைசி வாரத்தில் வந்தது. துபாயிலிருந்து ஒரு கிளப் டீம். மலைமலையாக ஆட்கள். அவர்களுடைய கோச் சொந்தமாக ஒரு டேப் கொண்டுவந்து மைதானத்தையும் சங்கிலியையும் அளந்தார். நம் ஆள் வேலி ஓரமாக நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அந்த ஆள் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். "ரெண்டு தடவ அளந்தான் தம்பி. ஒண்ணுஞ் சொல்லல!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சங்கிலியின் ஒரு கம்பை அவரிடமே கொடுத்திருந்தார்கள். பேன்ட்டை மடித்து விட்டுக்கொண்டு, கூப்பிட்டபோதெல்லாம் உள்ளே ஓடினார். மணல் இல்லை இப்போது. மைதானம் முழுவதும் புல்லுக்குள் அடங்கியிருந்தது.

எங்கள் பையன்கள் நாற்பதுக்கு ஆறு என்று தோற்றார்கள். அந்த ஆறும் தேறி வந்த ஏழு பேரில் ஒருவன் எடுத்தது.

"தோத்துட்டாங்களேண்ணே" என்றேன்.

"தோக்கட்டும். அளந்துதான தோத்தாய்ங்க."

அடுத்த செவ்வாய்க்கிழமை வழியனுப்பக் கேம்புக்குப் போனேன். வேன் வாசலில் நின்றது. அவர் அட்டைப்பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். அறையில் வேறு யாரும் இல்லை, எல்லோரும் டூட்டிக்குப் போயிருந்தார்கள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன்.

"அண்ணே, நான் இப்பவே போயி சொல்லிடறேன். மீட்டர்னு சொன்னது நான்தான்னு."

அவர் கயிற்றை இழுத்துப் பிடித்தபடி நிமிர்ந்தார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சொல்றதுன்னா அன்னைக்கு அந்த ரூம்லயே சொல்லியிருக்கணும் தம்பி. சொல்லுவீங்க சொல்லுவீங்கன்னு நானும் பாத்துக்கிட்டேதான் நின்னேன். இப்ப சொன்னா, ஒரு ஆளு போறதுக்கு ரெண்டு ஆளாப் போவோம். வீட்ல வேற வந்திருக்காங்க." பெட்டியைக் காட்டினார். "இந்த முடிச்சுல ஒரு வெரல வைங்க."

வைத்தேன். அவர் முடிச்சை இறுக்கினார். வருத்தமும் வெட்கமும் எனக்குப் பின்னால்தான் வந்தன, அவை இன்றுவரை போகவில்லை. அந்த நேரத்தில் முதலில் வந்தது நிம்மதி. நான் தப்பித்தேன் என்ற நிம்மதி. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் என்னை ஒரு முறை பார்த்தார், "வெரல எடுங்க, போதும்" என்றார், பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய் வேனில் ஏறினார்.